பழைய காரில் வந்து போகும் ஸ்டார்ட்டிங் கோளாறு: காரணத்தைப் பிடிக்கும் முறை

பழைய கார் ஒன்று அறவே ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அது பெரிய சிக்கல் அல்ல. வரிசையாகச் சோதித்துக்கொண்டே போனால் அறுந்த வயரோ எரிந்த பாகமோ எங்கோ ஓரிடத்தில் அகப்பட்டுவிடும். ஒரு வாரம் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிட்டு, ஒருநாள் மட்டும் கடைவீதியில் மக்கர் செய்து, மெக்கானிக் வந்து பேனட்டைத் திறந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் உறுமத் தொடங்கும் காரைச் சமாளிப்பதுதான் கடினம். அந்த நேரத்தில் மெக்கானிக்கின் கண்முன் கோளாறு இல்லை. "பேட்டரி போயிருக்கும்" என்றோ, "செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிடலாம்" என்றோ அனுபவத்தை வைத்து ஊகிப்பதைத் தவிர அவருக்கும் வேறு வழியில்லை. ஆகவே இத்தகைய கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி, அது நிகழும் வேளையில் காருக்குள் உட்கார்ந்திருப்பவருடையது.

இங்கே சொல்லப்படுபவை கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய மாருதி 800ஐ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பாயின்ட் (ஸ்பார்க்குக்காக இக்னிஷன் கரன்ட்டைத் துண்டித்துத் துண்டித்து இணைக்கும் தொடுமுனை) வைத்த பிரீமியர் பத்மினி, அம்பாசிடர் ஆகியவற்றுக்கும், 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பரவலான எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) கார்களுக்கும் மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன். தேவையான கருவிகள் அதிகமில்லை: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஒரு உபரி ஸ்பார்க் பிளக், தடித்த ஜம்பர் கேபிள், 10 எம்எம் ஸ்பேனர், கம்பி பிரஷ். இவை வீட்டு அலமாரியில் இருந்தால் பயனில்லை. கோளாறு தீரும்வரை டிக்கியிலேயே இருக்க வேண்டும். அவற்றோடு ஒரு சிறு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். கார் மறுத்த ஒவ்வொரு முறையும் இன்ஜின் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா, முந்தைய இரவு மழை பெய்ததா, கார் எவ்வளவு நேரம் நின்றிருந்தது, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது, சாவியைத் திருப்பியபோது என்ன சத்தம் கேட்டது, கடைசியில் எப்படிக் கிளம்பியது என்று எழுதி வையுங்கள். நான்கைந்து பதிவுகள் சேர்ந்தாலே பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தென்படும்.

முதலில் பிரிக்க வேண்டியது

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு கோளாறுகளைக் குறிப்பிடுகிறோம். செல்ஃப் (இன்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) அடிக்கவே இல்லை என்பது ஒன்று. செல்ஃப் நன்றாக அடித்தும் இன்ஜின் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. முதலாவதற்குக் காரணம் பேட்டரி, கேபிள், எர்த் (கரன்ட் பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் இணைப்பு), சாவி சுவிட்ச், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றுக்குள் அடங்கும். இரண்டாவதற்குக் காரணம் ஸ்பார்க் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி) அல்லது பெட்ரோல். இதைப் பிரிக்காமல் பிளக்கைக் கழற்றுவதும் பேட்டரியை மாற்றுவதும் பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

செல்ஃப் அடிக்காத காரைத் தள்ளிவிட்டதும் இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டால் ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரியாக இருக்கின்றன என்று பொருள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள கார்களைத் திரும்பத் திரும்பத் தள்ளி முயல்வது நல்லதல்ல; எரியாத பெட்ரோல் அதற்குள் போய்ச் சேர்ந்து பின்னர் அதைக் கெடுக்கும்.

செல்ஃப் அடிக்காதபோது

சாவியை விட்டு இறங்குவதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, சுவரிலோ முன்னால் நிற்கும் வண்டியிலோ விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே மீண்டும் ஒருமுறை சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அடியோடு அணைந்தால் பேட்டரி காலியாக இருக்கிறது, அல்லது பேட்டரி டெர்மினலிலோ பெரிய கேபிளிலோ இணைப்பு சரியில்லை. வெளிச்சம் பாதியாக மங்கி இன்ஜின் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம். செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் கரன்ட் இழுக்கவும் கூடும். வெளிச்சம் கொஞ்சமும் மாறாமல், 'டக்' என்ற சத்தமும் கேட்காவிட்டால் சாவி சுவிட்சிலிருந்து சோலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரன்ட்டை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) வரும் சிறு வயரில் கரன்ட் வரவில்லை, அல்லது சோலினாய்டின் காயில் வேலை செய்யவில்லை. வெளிச்சம் மாறாமல் 'டக்' என்று ஒருமுறை மட்டும் கேட்டு நின்றால், பெரும்பாலும் சோலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகளோ மோட்டாரின் கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கும். 'டகடக' என்று தொடர்ந்து அடித்தால் வோல்டேஜ் போதவில்லை என்று கொள்ளலாம். அரை நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, பல கடைகளில் அரை நாள் செலவழித்துச் சொல்வதைச் சொல்லிவிடும்.

அடுத்தது பேட்டரி. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் அது முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 12.0க்குக் கீழே போனால் செல்ஃப் அடிப்பதை நம்ப முடியாது. ஆனால் நின்றிருக்கும்போது காட்டும் வோல்டேஜ் மட்டும் போதாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் மட்டும் படுத்துவிடும் காரில், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியர் நிலையில் இணைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் எங்கோ கசிகிறது. அப்போது ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க வேண்டும். பின்னாளில் பொருத்திய மியூசிக் சிஸ்டத்தையும் அலாரத்தையும் முதலில் சந்தேகிப்பதே நியாயம்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சில நாள் மறுக்கிறதென்றால், என் கணிப்பில் முதல் குற்றவாளி இணைப்புகள்தான். வெளியே பளபளவென்று இருக்கும் டெர்மினலைக் கழற்றிப் பார்த்தால், ஈயத் தூணுக்கும் கிளாம்புக்கும் இடையே கறுப்புப் படலம் ஒன்று படிந்திருக்கும். ஹார்னும் லைட்டும் இழுக்கும் சில ஆம்பியருக்கு அந்தப் படலம் வழிவிடும். செல்ஃப் மோட்டார் கேட்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரன்ட்டுக்கு வழிவிடாது. கண்ணால் பார்த்து இதை முடிவுசெய்ய இயலாது, அளக்க வேண்டும். மீட்டரை வோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையை ஈயத் தூணின் நடுவிலும் மற்றொரு முனையை அதன் மேல் உள்ள கிளாம்பிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அளவு பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலும் அந்த இணைப்பு கெட்டது.

இதே முறையில் பேட்டரி நெகட்டிவ் தூணுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அளந்தால் 0.3 வோல்ட்டுக்குள்ளும், பாசிட்டிவ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். இந்த அளவுகளைச் செல்ஃப் அடிக்கும்போது மட்டுமே எடுக்க வேண்டும். கரன்ட் ஓடாதபோது கெட்ட இணைப்பும் நல்லதுபோலவே காட்டும். அளக்கும்போது இன்ஜின் கிளம்பிவிடாமல் இருக்க, ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் வயரைக் கழற்றி அதன் முனையில் டேப் சுற்றிவிடுங்கள். எம்பிஎஃப்ஐ காராக இருந்தால் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை உருவிவிட்டு, உள்ளே மிஞ்சியிருக்கும் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் அணையும்வரை ஒருமுறை ஓடவிடுங்கள். கியர் நியூட்ரலிலும் ஹேண்ட் பிரேக் இழுத்தும் இருக்கட்டும். செல்ஃபைத் தொடர்ந்து பத்து வினாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடம் ஆறவிட வேண்டும்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிளட்ச் வேலை, கியர்பாக்ஸ் வேலை என்று இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்ப மாட்டாமல் விடுவதும் உண்டு. கடலோர ஊர்களில் அது உள்ளுக்குள்ளேயே அரித்து நார் நாராகிப் போவதும் உண்டு. எர்த் இல்லாதபோது செல்ஃப் மோட்டாரின் கரன்ட், ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் என்று கிடைத்த வழியாகத் திரும்பிப் போகும். சில முறை செல்ஃப் அடித்ததும் சோக் கேபிளின் உறையைத் தொட்டுப் பாருங்கள். அது சுட்டால் வேறு சோதனையே வேண்டாம். கையில் ஜம்பர் கேபிள் இருந்தால், கோளாறு வந்திருக்கும் அந்த நேரத்தில் பேட்டரி நெகட்டிவ்விலிருந்து நேராக இன்ஜின் பிளாக்குக்கு ஒன்றைக் கொடுத்துச் சாவியைத் திருப்புங்கள். உடனே சுற்றினால் எர்த்தான் காரணம்.

டாஷ்போர்டில் ஒரு சாட்சி

சாவி சுவிட்சா, சோலினாய்டா என்ற கேள்விக்குத்தான் வந்து போகும் கோளாறுகளில் விடை தெரியாமல் போகிறது. இறங்கி மீட்டரைப் பிடிப்பதற்குள் கார் கிளம்பிவிடும். இதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் செய்யும் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. சோலினாய்டில் சிறு வயர் வந்து சேரும் இடத்தில் இன்னொரு மெல்லிய வயரை இணைத்து, அந்த முனைக்கு அருகிலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டு, வயரைச் சூடான பாகங்களில் படாமல் காருக்குள் கொண்டுவந்து, ஒரு சிறு 12 வோல்ட் பல்பின் வழியாக எர்த் செய்துவிட வேண்டும். எல்இடியைவிடச் சாதாரண பல்பே இதற்கு ஏற்றது; வோல்டேஜ் குறைந்தால் அது மங்கிக் காட்டும்.

இனிக் கோளாறு வரும்வரை காத்திருந்தால் போதும். சாவியைத் திருப்பும்போது பல்பு பிரகாசமாக எரிந்தும் செல்ஃப் அடிக்கவில்லை என்றால், பேட்டரியும் கேபிளும் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டிருக்கும் நிலையில், குற்றம் செல்ஃப் மோட்டாரிலோ சோலினாய்டிலோதான். பல்பு எரியவே இல்லை என்றால் சாவி சுவிட்ச் அல்லது இடைப்பட்ட வயர். மங்கலாக எரிந்தால் சுவிட்சின் உட்புறம் தேய்ந்து வோல்டேஜை விழுங்குகிறது. பழைய கார்கள் பலவற்றில் சோலினாய்டுக்குப் போகும் முழுக் கரன்ட்டும் சாவி சுவிட்ச் வழியாகவே ஓடுகிறது. வீட்டுச்சாவி, கடைச்சாவி எல்லாம் கோத்த கனத்த சாவிக்கொத்து தொங்கினால் அது இன்னும் விரைவில் தேயும். அப்படிப்பட்ட காரில் 30 ஆம்பியர் ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) ஒன்றைப் பொருத்தி, சுவிட்ச் அந்த ரிலேயை மட்டும் இயக்கும்படியும், சோலினாய்டுக்கான கரன்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே போகும்படியும் செய்வது செலவு குறைந்த, நிலையான தீர்வு. சூடாக இருக்கும்போது மட்டும் 'டக்' சத்தம்கூட வராத கார்களுக்கு இது குறிப்பாகப் பயன்படும். சூட்டில் சோலினாய்டு காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஏறுவதால், ஏற்கெனவே குறைந்து வரும் வோல்டேஜ் அதற்குப் போதாமல் போகிறது.

பல்பு மோட்டாரைக் காட்டினால், அடுத்த முறை மறுக்கும்போது ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மற்றவர் சுத்தியலின் மரப்பிடி போன்ற ஒன்றால் மோட்டாரின் உடலை மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். சுற்றத் தொடங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்து சிக்குகிறது. தட்டிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது சோதனையே தவிர மருந்து அல்ல. மோட்டார் வேகமாகச் சுழலும் சத்தம் மட்டும் கேட்டு இன்ஜின் அசையாவிட்டால் அது பெண்டிக்ஸ் (மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் பல்சக்கர அமைப்பு) கோளாறு.

செல்ஃப் அடித்தும் பிடிக்காதபோது

இங்கே முதல் கேள்வி: ஸ்பார்க் இருக்கிறதா? உபரி பிளக்கை ஒரு பிளக் வயரில் செருகி, அதன் உலோகப் பகுதியை ஜம்பர் கேபிளால் இன்ஜினோடு இறுக்கமாக எர்த் செய்து, பெட்ரோல் ஈரமோ வாடையோ இல்லாத இடமாகப் பார்த்து வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் 'சட்சட்' என்ற சத்தத்தோடு வந்தால் நல்லது. மெல்லியதாக ஆரஞ்சு நிறத்தில் வந்தால் பலவீனம். பிளக் வயரை எர்த் இல்லாமல் அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடிப்பது காயிலையும், பாயின்ட்டுக்குப் பதிலாக வரும் எலக்ட்ரானிக் இக்னைட்டரையும் கெடுத்துவிடும். கையில் பிடித்தால் அதிர்ச்சியும் கடுமையாக இருக்கும்.

ஸ்பார்க் இல்லையென்றால் டெஸ்ட் லேம்பைக் காயிலின் பாசிட்டிவ் முனையில் வைத்துப் பாருங்கள். சாவி போட்டதும் எரிய வேண்டும். செல்ஃப் அடிக்கும்போதும் எரிய வேண்டும். பிறகு நெகட்டிவ் முனைக்கு மாற்றிச் செல்ஃப் அடித்தால் லேம்ப் மினுங்க வேண்டும். மினுங்கினால் பாயின்ட் அல்லது இக்னைட்டர் தன் வேலையைச் செய்கிறது. குறை காயில், ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப், அதற்குள் சுழலும் ரோட்டார், பிளக் வயர் ஆகியவற்றில் இருக்கும். மினுங்காவிட்டால் பாயின்ட், கன்டன்சர் (பாயின்ட் கருகாமல் காக்கும் சிறு பாகம்) அல்லது இக்னைட்டர் பக்கம் போக வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் அணைந்துவிடும் கார் ஒரு தனி ரகம்: காயிலுக்குப் போகும் கரன்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள கார்களில் அது அறுந்திருக்கும், இல்லாத கார்களில் சாவி சுவிட்சின் 'ஆன்' நிலைத் தொடுமுனை கெட்டிருக்கும்.

பாயின்ட் வைத்த கார்களில் இடைவெளி பொதுவாக 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. இடைவெளி சரியாக இருந்தும் கோளாறு வந்து போனால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் போகும் அந்தச் சிறு வயரைக் கவனியுங்கள். ஸ்பார்க் வரும் நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் தட்டு அசையும்போதெல்லாம் வளைந்து வளைந்து, மேலுறை முழுதாக இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். தட்டு ஒரு பக்கம் திரும்பினால் தொடும், மறுபக்கம் திரும்பினால் விலகும். வயரை இரு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தால், அறுந்த இடத்தில் ரப்பர்போல் நீளும்.

மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் மறுத்து, வெயில் ஏறியதும் கிளம்பும் கார் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் கிழித்ததுபோன்ற மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடியிருந்தால் அது ஸ்பார்க் தவறாகப் பாய்ந்த தடம். துடைத்தால் போகாது, கேப்பை மாற்றத்தான் வேண்டும். இன்ஜின் ஓடும்போது இரவில் பேனட்டைத் திறந்து, பிளக் வயர்களின் மேல் தண்ணீரைப் பனிபோலத் தெளித்தால் கசியும் இடங்களில் நீலப் பொறி தெரியும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

சூட்டில் மறுத்து, அரை மணி ஆறியதும் கிளம்பும் கார்களில் காயில், கன்டன்சர், இக்னைட்டர், எம்பிஎஃப்ஐ என்றால் கிராங்க் அல்லது கேம் சென்சார் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. மறுத்திருக்கும் நேரத்தில் ஸ்பார்க் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகு, சந்தேகப்படும் பாகத்தின் மேல் மட்டும் பிழிந்த ஈரத்துணியைப் போட்டு ஆறவையுங்கள். அது ஆறியதும் கிளம்பினால் ஆள் அகப்பட்டுவிட்டார். வீட்டில் நிற்கும்போது இதையே தலைகீழாக, ஹேர் டிரையரால் அந்தப் பாகத்தைச் சூடாக்கியும் செய்து பார்க்கலாம்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல். இன்ஜினை அணைத்த நிலையில் ஏர் ஃபில்ட்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் இழுங்கள். ஊசி முனையளவு துளையிலிருந்து பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையில் பெட்ரோல் இல்லை: ஃபில்ட்டர் அடைப்பு, பம்ப் டயஃப்ரம் கிழிசல், அல்லது பழைய ரப்பர் குழாயில் காற்று இழுப்பு. இரவெல்லாம் நின்ற பிறகு மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால், பம்ப்பின் வால்வு பிடிக்காமல் பெட்ரோல் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவும் விரிசல் விடவும் செய்வதால், எப்போது மாற்றியது என்று நினைவில்லாத குழாயை மாற்றிவிடுவதே மேல். பீய்ச்சுகிறது, ஆனால் வாடை கடுமையாக அடித்து பிளக் நனைந்திருக்கிறது என்றால் அளவுக்கு மீறிப் பாய்ந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள், மீண்டும் மீண்டும் மிதிக்க வேண்டாம். சித்திரை வெயிலில் ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்தினால், பேனட்டுக்குள் தேங்கும் சூட்டில் மிதவை அறையின் பெட்ரோல் கொதித்து, பெட்ரோல் இல்லாத நிலை, அளவுக்கு மீறிப் பாயும் நிலை இரண்டுமே வரக்கூடும்.

எம்பிஎஃப்ஐ காரில் சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ஈசியுவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கரன்ட் போகவில்லை, மெயின் ரிலேயைப் பாருங்கள். வெயிலில் நின்ற காரில் ரிலேக்குள் சால்டரிங் விரிந்து விலகுவது நடப்பதுதான். பெரும்பாலான கார்களில் அதே நேரத்தில் பெட்ரோல் பம்ப் பின்னிருக்கைப் பக்கமிருந்து ஓரிரு வினாடி ரீங்கரிக்கும். கேட்காவிட்டால் பம்ப் ரிலேயை அதே வகை ரிலேயோடு மாற்றிச் செருகிப் பாருங்கள்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். கழற்றிய பழைய பாகத்தை மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, நோட்டில் எழுதிய அதே நிலைமைகளில், சூட்டில் மறுத்த கார் என்றால் சூட்டிலேயே, சில வாரங்கள் ஓட்டிப் பாருங்கள். டெர்மினலையோ எர்த்தையோ சுத்தம் செய்திருந்தால் செல்ஃப் அடிக்கும்போதான வோல்ட் அளவை மீண்டும் எடுத்து, முன்பு 0.9 இருந்தது இப்போது 0.1 ஆகியிருக்கிறது என்பதுபோல் தேதியோடு எழுதி வையுங்கள். டாஷ்போர்டு பல்பை அதுவரை கழற்ற வேண்டாம்.